பதினேழாவது பெஞ்சு

குழந்தைகள் வாசிக்கிற கிட்டார் இல்லை தம்பி. எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். போத்தனூரில் பஸ் ஏறியதிலிருந்து நீங்கள் மூன்றாவது ஆள். கண்டக்டர் கேட்டார், முன் சீட்டு அம்மா கேட்டாள், இப்போது நீங்கள். யுகுலேலே என்று பெயர். நான்கு நரம்பு. ஒரு பொருள் சின்னதாக இருந்தால் அது குழந்தைக்குத்தான் என்று முடிவு கட்டுகிற ஆட்களிடம் நான் பேசுவது கிடையாது. பொதுவாகவே நான் பேசுகிறவன் இல்லை. எங்கள் லைன் வீடுகளில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், ஞானசிகாமணி வாயைத் திறந்து பார்த்ததில்லை என்பார்கள். நீங்கள் மரியாதையாகக் கேட்டதால் சொல்கிறேன். உக்கடம் வர இன்னும் ஏழு ஸ்டாப் இருக்கிறது.

இதில் சத்தம் வருமா என்றும் கேட்டீர்கள். அந்தக் கேள்விதான் ஜனவரியிலிருந்து மே வரை என் உயிரை எடுத்தது.

நான் ரயில்வேயில் கேபினில் லீவர் இழுத்தவன். முப்பத்து மூன்று வருஷம். வண்டி எந்தத் தண்டவாளத்தில் போக வேண்டும் என்று லீவரை இழுத்து வழி மாற்றிவிடுகிற வேலை. எட்டாவது வரைதான் படிப்பு. ஆனால் கணக்கில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. இந்த யுகுலேலேப் பெட்டியை எனக்குக் கொடுத்தவர் டெரிக் என்று ஒரு எஞ்சின் டிரைவர். குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போகும்போது சாமானில் இடமில்லை என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். போவதற்கு முன் நான்கு மாதம், நரம்பை அழுத்திப் பிடிக்கிற பிடிகளைச் சொல்லிக்கொடுத்தார். ஒன்பது பிடி. ஒன்பது போதும். எங்கள் கோயிலில் பாடுகிற நானூற்றுப் பன்னிரண்டு பாட்டையும் எண்ணிப் பார்த்துவிட்டேன், ஒன்பது பிடிக்கு மேல் எதற்கும் தேவைப்படவில்லை. ரிச்சர்டு முப்பது பிடி தெரியும் என்று சொல்லிக்கொண்டு திரிகிறான். முப்பதையும் தப்பாகப் பிடிக்கிறான்.

ரிச்சர்டு யார் என்று கேட்கிறீர்களா? எங்கள் கோயில் கொயரில், பாட்டுக் குழுவில், கிட்டார் வாசிக்கிறவன். பேங்கில் வேலை. கிட்டாரில் ஒரு ஒயரைச் செருகி, அதை ஸ்பீக்கரில் செருகி, ஸ்பீக்கரைச் சுவரில் செருகி, அதன் பிறகு விரலை லேசாக வைத்தால் கோயிலே அதிரும். அது வாசிப்பா? மின்சார வாரியம் வாசிக்கிறது, அவன் பக்கத்தில் நிற்கிறான்.

ஸ்டெல்லா என்று ஒருத்தி. மேல்குரல் பாடுகிறவள். மைக்கை விழுங்குகிற மாதிரி வாயில் வைத்துக்கொள்வாள். இவர்களுக்கெல்லாம் தலைவன் எட்வின். பள்ளிக்கூட வாத்தியார். கீபோர்டு வாசித்துக்கொண்டே தலையை ஆட்டி மற்றவர்களை நடத்துவான். இரண்டாவது சரணம் வந்தால் வேகம் ஏறிவிடும் அவனுக்கு, எங்கேயோ வண்டி பிடிக்கப் போகிறவன் மாதிரி. மொத்தம் பதினான்கு பேர். அதில் எண்ணிக்கை தவறாமல் வாசிக்கிறவன் ஒருவன்தான். அந்த ஒருவனுக்குத்தான் மைக் கிடையாது.

பன்னிரண்டு வருஷம் இதை நான் பொருட்படுத்தவில்லை. கர்த்தருக்குக் கேட்டால் போதும் என்று இருந்தேன். ஜனவரி மாதம் இரண்டாவது சனிக்கிழமைதான் வினை வந்தது. ரேஷன் கடை வரிசையில் நானும் என் வீட்டுக்காரி கனகபுஷ்பமும் நிற்கிறோம். புதிதாகக் குடிவந்த ஒரு டீச்சரம்மா அவளிடம், உங்க வீட்டுக்காரர் கொயரில் என்ன வாசிக்கிறார் என்று கேட்டாள். இவள் யோசித்தாள். யோசித்து, சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"கையில என்னமோ வெச்சிருப்பாருங்க. எனக்கு ஒரு நாளும் கேட்டதில்லை."

வேண்டுமென்று சொல்லவில்லை. அவளுக்கு அந்த மாதிரி சாமர்த்தியமெல்லாம் கிடையாது. நான் நான்கு ஆள் தள்ளி நிற்கிறேன் என்பதையே மறந்துவிட்டாள். அதனால்தான் தைத்தது.

அவள் உட்காருவது கடைசிப் பெஞ்சு. பதினேழாவது. முழங்கால் தேய்ந்துபோய் ஆறு வருஷம் ஆகிறது, நடுவழியில் அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்று வாசலை ஒட்டி உட்கார்ந்துவிடுவாள். கொயர் இருப்பது பீடத்துக்குப் பக்கத்தில். நடுவில் பதினாறு பெஞ்சு. மே மாதம் இரண்டாவது ஞாயிறு எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பது வருஷம். எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாண நாள் வருகிற ஞாயிற்றில் ஆயர் பெயரை வாசிப்பார், புருஷனும் பெண்டாட்டியும் பீடத்துக்கு முன்னால் சேர்ந்து முழந்தாள்படியிட்டு ஜெபம் வாங்கிக்கொள்ள வேண்டும், அவர்களுக்காகக் கொயர் ஒரு விசேஷப் பாட்டுப் பாடும். ஆறு வருஷமாக எங்களுக்கு அது எப்படி நடக்கிறது தெரியுமா? அவள் கடைசிப் பெஞ்சில் எழுந்து நிற்பாள், நான் கொயரில் எழுந்து நிற்பேன். நடுவில் இருக்கிற ஜனங்கள் டென்னிஸ் பார்க்கிற மாதிரி திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள்.

அன்று ரேஷன் கடையிலேயே நான் முடிவு பண்ணிவிட்டேன். நாற்பதாவது வருஷத்துப் பாட்டில் என் நான்கு நரம்பும் பதினேழாவது பெஞ்சுக்குப் போய்ச் சேர வேண்டும். அவளுக்குக் கேட்க வேண்டும். வேறு யாருக்குக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் எனக்குக் கவலையில்லை.

வியாழக்கிழமை சாயந்திரம் கோயில் காலியாக இருக்கும். சாவியை வாங்கிக்கொண்டு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். முறையாகச் செய்தேன் தம்பி, ஏனோதானோ என்று இல்லை. நான் கொயரில் என் நாற்காலியில் உட்கார்ந்து ஒரே பிடியை ஒரே வேகத்தில் வாசிப்பேன். அவள் முதல் பெஞ்சிலிருந்து ஒவ்வொரு பெஞ்சாகப் பின்னால் போவாள். கேட்கிற வரைக்கும் கையைத் தூக்க வேண்டும். கேட்காமல் போன இடத்தில் நின்றுவிட வேண்டும். பெஞ்சு முனையைப் பிடித்துப் பிடித்து நடப்பாள். ஒரு பெஞ்சுக்கு ஒரு பெருமூச்சு. அந்தப் பெருமூச்சில் என் சத்தம் கெட்டுவிடுகிறது, மூச்சை அடக்கிக்கொண்டு நட என்று சொன்னேன். அடக்கிக்கொண்டு நடந்தாள். அதில் அவள் நல்ல மாதிரிதான்.

முதல் வியாழக்கிழமை கணக்கு நான்கு. நான்காவது பெஞ்சோடு சத்தம் செத்துவிட்டது.

அதன் பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பெட்டியை வயிற்றோடு அணைத்துப் பிடித்தால் அதன் முதுகு அதிராது, வயிறே சத்தத்தைத் தின்றுவிடும். அதனால் முன்னால் சாய்த்து, முதுகு சட்டையில் படாமல் பிடித்தேன். ஐந்து. நடு ஓட்டைக்கு மேலே வாசிப்பதை விட்டு, கழுத்தும் பெட்டியும் சேருகிற இடத்தில் வாசித்தேன், விரல் சதையால் இல்லாமல் நகத்தின் முதுகால். ஏழு. ஓசை தடித்து வந்தது. பெட்டியின் தோளில் ஒரு சின்ன ஓட்டை போட்டால் சத்தம் கூடும் என்று யாரோ சொன்னான், டிரில் வைத்துப் போட்டேன். ஆகா என்று இருந்தது எனக்கு. அவள் ஏழிலேயே நிற்கிறாள். அந்த ஓட்டை என் காதுக்கு நேராக இருக்கிறது, என் ஒருவனுக்குத்தான் சத்தம் கூடியிருக்கிறது. சொன்னவன் ரிச்சர்டு. வேறு யார் சொல்வான்.

பிறகு எலும்பு. நரம்பு நான்கும் பெட்டியின் மேல் ஒரு சின்னக் கட்டை மேல் ஏறிப் போகும் பாருங்கள், அது பிளாஸ்டிக். பிளாஸ்டிக் சத்தத்தைக் கீழே இறக்காது. கறிக்கடையில் ஆட்டுக் கால் எலும்பு வாங்கி, அவள் சூப் வைத்த பிறகு எடுத்து, வெயிலில் ஒன்பது நாள் காயவைத்து, அரத்தால் தேய்த்து, ஒரு அரிசி கனம் உயரம் கூட வைத்துப் பொருத்தினேன். பத்து. கடையில் விற்கிற நரம்பைக் கழற்றி எறிந்துவிட்டு, உக்கடத்தில் மீன் மார்க்கெட் பக்கம் தூண்டில் நரம்பு விற்கிறார்களே, அதில் நான்கு தடிமன் தேர்ந்து கட்டினேன். நல்ல நரம்பு, கண்ணாடி மாதிரி. பன்னிரண்டு. இப்போதும் அதற்குத்தான் போகிறேன், மூன்றாவது நரம்பு நேற்று அறுந்துவிட்டது. சங்கீதக் கடைக்காரன் சிரித்தான், மீன் பிடிக்கப் போறீங்களா பெரியவரே என்று. நீ விற்பதில் நான்கு பெஞ்சு கூடத் தாண்டாது என்று சொல்லிவிட்டு வந்தேன். மனதுக்குள் சொன்னேன். அவன் முகம் மாறியதைப் பார்த்தால் புரிந்துகொண்டவன் மாதிரிதான் இருந்தது.

கடைசியாக மரம். பெட்டியின் அடியை ஒரு மரப்பலகை மேல் அழுத்தி வைத்து வாசித்தால் பலகையும் சேர்ந்து பாடும். கொயருக்கும் பீடத்துக்கும் நடுவில் தேக்குக் கிராதி ஒன்று உண்டு. அதில் வைத்து வாசித்தேன். பதினைந்து. ஆனால் ஆயர் அதைப் பார்த்துவிட்டு, கிராதியில் எதையும் சாய்க்கக் கூடாது என்றார். பிரசங்கத்தின்போது அவர் முழங்கையைச் சாய்ப்பது எதன்மேல் என்று நான் கேட்கவில்லை. என் மர நாற்காலியை மட்டும் அதை ஒட்டிப் போட்டு, பெட்டியின் அடியை நாற்காலியில் ஊன்றிக்கொண்டேன். மார்ச் கடைசி வியாழக்கிழமை அவள் பதினேழாவது பெஞ்சில் நின்று கையைத் தூக்கினாள். காலியான கோயிலில், ஒரு ஒயர் இல்லாமல், பதினேழு.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், என் சத்தம் வந்ததா என்று கேட்டேன். இல்லை என்றாள். அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. ஜனங்கள் இருநூற்றுப் பத்துப் பேர், பட்டுச் சேலை மட்டும் எண்பதுக்கு மேல், துணியெல்லாம் சத்தத்தை உறிஞ்சுகிறது என்று விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டு, "துணி இல்லீங்க. வியாழக்கிழமை உங்க கை வேற, ஞாயித்துக்கிழமை கை வேற. ஆளுங்களைப் பார்த்ததும் பூனை மாதிரி தொடறீங்க" என்றாள். சங்கீதம் தெரியாதவர்கள் இப்படித்தான் ஏதாவது சொல்வார்கள். விட்டுவிட்டேன்.

என்ன தம்பி? இல்லையே, நான் ஒன்றும் சொல்லவில்லையே. ஸ்டாப்பை மனதுக்குள் எண்ணினேன், அவ்வளவுதான். ஆத்துப்பாலம் தாண்டிவிட்டது.

ஏப்ரலில் வேறு வழியில்லாமல் எட்வினிடம் போய் நின்றேன். யாரிடமும் போய் எதையும் கேட்டுப் பழக்கமில்லை எனக்கு. கோயில் மாமரத்தடியில் கால் மணி நேரம் நின்று, அவன் தனியாக வரும்வரை காத்திருந்து கேட்டேன். மே இரண்டாவது ஞாயிறு ஒரு நாள் மட்டும் எனக்கு ஒரு மைக் வேண்டும் என்றேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தான். "அண்ணா, உங்க சத்தம் இப்படியே இருக்கட்டுமே. இதுதான் அழகு" என்றான். யாருக்கும் கேட்காமல் இருப்பதா அழகு என்றேன். அவன் என் தோளில் கை வைத்து, நான் சொல்றதைக் கேளுங்கண்ணா, மைக் மட்டும் வேண்டாம் என்றான். பன்னிரண்டு வருஷத்தில் இது நான்காவது தடவை. நான்கு தடவையும் அதே முகம், அதே தரை. பொறாமையை இவ்வளவு பணிவாக வைத்துக்கொள்கிற ஆளை நான் ரயில்வேயில்கூடப் பார்த்ததில்லை.

ஞாயிறுதோறும் கோயிலில் மைக் செட்டைப் பார்த்துக்கொள்கிறவர் மயில்சாமி. அவருடைய அப்பா எங்கள் செக்‌ஷனில் தண்டவாளம் பார்த்தவர், அதனால் என்னிடம் ஒரு மரியாதை உண்டு. மே மாதம் முதல் வாரம் அவருடைய கடைக்குப் போனேன். மின்சாரத்தை நான் கேவலமாகப் பேசியவன்தான். ஆனால் ரிச்சர்டு மாதிரி ஒயரைச் செருகிக்கொண்டு திரிவது வேறு, ஒரு நாள் ஒரு பாட்டுக்கு இரவல் வாங்குவது வேறு. மயில்சாமி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதுக்கு முன்னால ஸ்டாண்டு வெச்சா எட்வின் சாருக்குத் தெரிஞ்சுருங்களே என்றார். பிறகு அவரே வழியும் சொன்னார். பிரசங்கியார்கள் சட்டையில் மாட்டிக்கொள்வார்களே, புளியங்கொட்டை அளவுக்கு ஒரு காலர் மைக், அதில் ஒன்று சும்மா இருக்கிறது. பெட்டி நெஞ்சுக்கு நேராகத்தானே இருக்கிறது, கொயர் அங்கிக்கு உள்ளே மேல் பொத்தானில் மாட்டிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. பாட்டு ஆரம்பித்ததும் அவர் திறந்துவிடுவார். எவ்வளவு சத்தம் என்று கேட்டார். பதினேழு பெஞ்சு என்றேன்.

அந்த ஞாயிறு வந்தது. ஆயர் எங்கள் பெயரை வாசித்தார். அவள் அங்கே எழுந்தாள், நான் இங்கே எழுந்தேன். ஜெபம் முடிந்தது. நான்கு சரணம் உள்ள பாட்டு. எட்வின் தலையை ஆட்டினான். ஆரம்பித்தோம்.

தம்பி, அதை நான் எப்படிச் சொல்வது. முதல் அடியிலேயே என் நரம்பு கடைசிச் சுவரில் மோதித் திரும்பி என் காதுக்கு வந்தது. நான்கு நரம்பும் தனித்தனியாக. ஜனங்கள் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கினார்கள். முதல் சரணம் முடிவதற்குள் பெண்கள் பக்கம் நான்கைந்து பேர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இரண்டாவது சரணத்தில் ஸ்டெல்லா பாடுவதை நிறுத்திவிட்டாள். வாய் திறந்தபடி இருக்கிறது, சத்தம் வரவில்லை. அடுத்து ரிச்சர்டின் கை நின்றது. ஆண்கள் பக்கம் தோள்கள் குலுங்குகின்றன. ஒரு பெரியவர், இருபது வருஷமாகச் சபைக் கமிட்டியில் இருக்கிறவர், கைக்குட்டையைக் கண்ணில் வைத்துக்கொண்டு குனிந்துவிட்டார். வாலிபர்கள் இரண்டு இரண்டு பேராக எழுந்து வெளியே ஓடினார்கள். தாங்க முடியவில்லை அவர்களால். ஆயர் வேதப்புத்தகத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். மூன்றாவது சரணத்தில் கொயரில் ஒரு குரல்கூட இல்லை. எட்வின் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கிறான். முகமெல்லாம் ரத்தம் ஏறிக் கிடக்கிறது. கழுத்தில் விரலை வைத்து ஏதோ சைகை காட்டினான். அவனுடைய சைகைக்கெல்லாம் அன்று யார் காத்திருந்தார்கள்? பதின்மூன்று பேரும் விட்டுவிட்டார்கள். நான் ஒருவன் விடவில்லை. நான்காவது சரணம் முழுக்க என் நான்கு நரம்பு மட்டும். ஒரு அடி தவறவில்லை.

முடித்துவிட்டு நிமிர்ந்து பதினேழாவது பெஞ்சைப் பார்த்தேன். மூன்று சரணமும் அத்தனை பேரும் அசைந்துகொண்டிருந்த கோயிலில் அவள் ஒருத்தி அசையாமல் நின்றாள். முன் பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் கேட்டேன், கேட்டதா என்று. "எல்லாம் கேட்டுச்சுங்க" என்றாள். வீடு வரும்வரை என் கையைப் பிடித்திருந்தாள். ஆட்டோக்காரன் கண்ணாடியில் பார்க்கிறான் என்று சொல்லியும் விடவில்லை.

செவ்வாய்க்கிழமை எட்வின் வீட்டுக்கு வந்தான். வாழ்த்துச் சொல்ல வந்திருக்கிறான் என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அவன் உட்கார்ந்து, காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே நேரம் கடத்தி, பிறகு என்ன சொன்னான் தெரியுமா? நான் வாசிக்கும்போது பேசுகிறேனாம். பன்னிரண்டு வருஷமாகப் பேசுகிறேனாம். முணுமுணுவென்று, தாளத்தோடு சேர்த்து. அன்றைக்கு அது மொத்தமும் மைக்கில் போய்விட்டதாம். முதல் சரணத்தில், ஒண்ணு ரெண்டு மூணு, எட்வின் ஏறிட்டான், எறங்குடா, வண்டி எங்கயும் போகலை என்றேனாம். ஸ்டெல்லாவின் தொண்டையில் தகரம் என்றேனாம். ரிச்சர்டு நரம்பைச் சுருதி சேர்க்காமலேயே வந்துவிட்டான், பேங்கு கணக்கும் இப்படித்தான் பார்ப்பான் என்றேனாம். ஆயர் தூங்குகிறார், கமிட்டிக்காரர் வேட்டியைச் சரிபண்ணுகிறார், இது எண்பத்து மூன்றாவது பட்டுச் சேலை என்றேனாம்.

நான் சிரித்தேன். இட்டுக்கட்டினாலும் கொஞ்சம் பொருந்துகிற மாதிரி இட்டுக்கட்ட வேண்டாமா? ஒரு வார்த்தை பேச நாலு தடவை யோசிக்கிறவன் நான். எட்வின் சொன்னான், "உங்க பக்கத்து நாற்காலி ஏன் காலியா இருக்குன்னு எப்பவாவது நினைச்சீங்களாண்ணா? ஏழு பேர் மாறிட்டாங்க. அதனாலதான் உங்களுக்கு மைக் வெக்கலை. உங்க வாசிப்பு சுத்தம்ணா. அதுல யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது." வாசிப்பு சுத்தம் என்று அவன் வாயாலேயே சொன்னான் தம்பி, குறித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வருஷம் ஆனது அதை வரவழைக்க.

நான் அவனுக்கு விளக்கினேன். கேபினில் ஒரு விதி உண்டு. லீவரைத் தொடும்போது அதன் எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பதினொன்று இழுக்கிறேன், பதினொன்று விழுந்தது, பதினான்கு திரும்புகிறது என்று. கை செய்வதை வாய் சொன்னால்தான் தப்பு நடக்காது. முப்பத்து மூன்று வருஷம் நான் கையும் வாயுமாக வேலை செய்தவன், என் கேபினில் ஒரு வண்டி தடம் மாறிப் போனதில்லை. ஆனால் அது உத்தியோகம். ஓய்வு பெற்ற அன்றைக்கு மாலை ஐந்து மணியோடு அதை நிறுத்திவிட்டேன் என்றேன். மயில்சாமி போனில் பதிவு பண்ணி வைத்திருக்கிறார், கேட்கிறீர்களா என்றான் எட்வின். வேண்டாம் என்றேன். இந்தக் காலத்தில் யார் குரலில் எதை வேண்டுமானாலும் செய்துவிடுகிறார்கள்.

அப்போது இவள் அடுப்படியிலிருந்து வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீயே சொல், நான் பேசினேனா என்று கேட்டேன். இவள் எனக்காகப் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, உண்மையே என் பக்கம் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் கேட்டேன்.

"மூணு சரணம் அவங்களைத் திட்டுனீங்க" என்றாள். "நாலாவதுல என்னைக் கூப்பிட்டீங்க."

எட்வின் தலையைக் குனிந்துகொண்டான்.

"புஷ்பம், கேக்குதா, பதினேழு, கேக்குதா, தலையைத் தூக்கு, உனக்குத்தான், கேக்குதான்னு. எட்டுத் தடவை கேட்டீங்க. கோயில் பூரா சிரிப்பு நின்னுபோச்சு."

எட்டு என்கிறாள். அவளுக்கு எண்ணத் தெரியாது, ஆறு வரைக்கும் போனால் அதிசயம். அதனால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யாரோ ஒரு கூட்டமாக முடிவு பண்ணிக்கொண்டு வந்திருக்கும்போது ஒருவன் என்ன வாதாடுவது? சரி, நான் கொயரை விட்டு நின்றுகொள்கிறேன், அதற்குத்தானே வந்தாய் என்று எட்வினிடம் சொன்னேன்.

அவன் அதற்கு வரவில்லையாம். மைக் இல்லாமல் வாருங்கள் என்கிறான். ஸ்டெல்லா ஒரு வாரம் பேசமாட்டாள், பிறகு சரியாகிவிடுவாள், ரிச்சர்டு நரம்பைச் சேர்க்கக் கற்றுக்கொள்கிறேன் என்கிறான், ஆனால் பக்கத்து நாற்காலிக்குத்தான் ஆள் கிடைக்காது என்கிறான். நான் வாயைத் திறப்பதற்குள் இவள் சொல்லிவிட்டாள்.

"அந்த நாற்காலியில நான் உக்காந்துக்கறேன் தம்பி. பாடத் தெரியாது. சும்மா உக்காரலாமில்ல?"

பதினாறு பெஞ்சு தூரம் நடக்க முடியாது என்று ஆறு வருஷம் வாசலில் உட்கார்ந்திருந்தவள். கொயருக்கு ஏற மூன்று படி வேறு. எப்படி வருவாய் என்று கேட்டேன். வியாழக்கிழமை வியாழக்கிழமை நடந்தேன்ல, பழகிருச்சு என்கிறாள்.

மூன்று ஞாயிறு ஆகிறது. ஆராதனைக்கு முக்கால் மணி நேரம் முன்னாலேயே போய், பெஞ்சு முனை பிடித்து நடந்து, படியில் என் தோளைப் பிடித்து ஏறி, பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். அங்கி அவளுக்கு நீளம், மடித்துத் தைத்திருக்கிறாள். பாடுவது கிடையாது. ஆனால் தாளம் போடுகிறாள் தம்பி, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் வாசித்துக்கொண்டிருக்கும்போது என் முழங்காலில் கையை வைத்து ஒரு அமுக்கு. ஒரு பாட்டுக்கு நான்கு, ஐந்து தடவை, இஷ்டத்துக்கு. ஒன்றாவது அடியில் விழுகிறதா என்றால் இல்லை. மூன்றில் விழுகிறதா என்றால் அதுவும் இல்லை. எட்வின் வேகம் ஏறுகிற இடத்தில் ஒரு அமுக்கு, ஸ்டெல்லா மேலே போகிற இடத்தில் ஒரு அமுக்கு. ஒரு ஒழுங்கு வேண்டாமா? இவ்வளவு மோசமான தாளத்தை நான் என் ஆயுசில் பார்த்ததில்லை. அமுக்கும்போதெல்லாம் என் எண்ணிக்கை அறுந்துபோய், வாயை மூடிக்கொண்டு மறுபடி ஒன்றிலிருந்து பிடிக்க வேண்டியிருக்கிறது.

போன ஞாயிறு பதினொரு தடவை. எண்ணினேன்.

சொல்லித் திருத்தியிருக்கலாம். வேறு யாராவது இருந்தால் சொல்லியிருப்பேன். இவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. நாற்பது வருஷம் ஆகிவிட்டது, இனிமேல் தாளம் கற்றுக்கொண்டு என்ன செய்யப்போகிறாள். போட்டுவிட்டுப் போகட்டும்.